காதை அடைக்கும் இயர்போன்: எதற்கு எது?

ஒரு சிறிய சோதனையுடன் தொடங்குவோம். இன்று மாலை பேருந்தில் வீடு திரும்பும்போது இயர்போனில் பாட்டுக் கேட்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். பாட்டு நன்றாகக் கேட்கும்படி ஒலி அளவைக் கூட்டியபின், அது செல்பேசித் திரையில் எத்தனையாவது படியில் நிற்கிறது என்று பாருங்கள். அதைத் தொடாமல் அப்படியே விட்டுவிடுங்கள். இரவில் வீடு அடங்கியபின் அதே பாட்டை அதே அளவில் போடுங்கள். இயர்போனை உடனே காதில் செருகிவிடாதீர்கள். கையில் பிடித்து மெல்லக் காதருகே கொண்டு வாருங்கள். காதுக்குள் வைக்க மனம் வராது! மாலையில் இனித்த பாட்டு இரவில் இரைச்சலானது ஏன்?

பாட்டு மாறவில்லை. இயர்போன் எழுப்பும் ஒலியும் மாறவில்லை. மாறியது சுற்றுப்புறம் மட்டுமே. பேருந்தின் இரைச்சலை மீறிப் பாட்டு கேட்க வேண்டும் என்பதற்காக, நம்மை அறியாமலே ஒலியைக் கூட்டிவிடுகிறோம். இரைச்சலில் பேசுபவர் தம்மை அறியாமலே குரலை உயர்த்துவதை 1911-ஆம் ஆண்டில் பிரெஞ்சு மருத்துவர் எட்டியென் லோம்பார்ட் விளக்கினார். வாய் செய்வதையே இங்கே விரல் செய்கிறது.

இரவில் திடுக்கிட வைத்த அந்த ஒலியைத்தான் மாலை முழுவதும் காது தாங்கிக்கொண்டிருந்தது. இதை மனத்தில் இருத்திக்கொண்டால், எந்த வேலைக்கு எந்த இயர்போன் என்ற கேள்விக்கு எளிதில் விடை காணலாம்.

காது எவ்வளவு தாங்கும்?

நம் உள்காதில் நத்தைக் கூடுபோல் சுருண்ட ‘காக்ளியா’ என்னும் உறுப்பு இருக்கிறது. அதனுள் ஏறத்தாழ 15,000 மயிர்ச் செல்கள் வரிசை வரிசையாக அமைந்துள்ளன. ஒலியின் அதிர்வை மின் குறிப்புகளாக மாற்றி நரம்பிடம் ஒப்படைப்பவை இவையே. தோலில் காயம் பட்டால் புதுத் தோல் வளரும். ஆனால் மனிதரிடம் மயிர்ச் செல்கள் அழிந்தால் அவை மீண்டும் வளர்வதில்லை. பிறக்கும்போது கிடைத்த இருப்பை வைத்துத்தான் வாழ்நாள் முழுவதும் கேட்டாக வேண்டும்.

ஒலியின் வலுவை டெசிபெல் என்னும் அலகால் அளக்கிறோம். சாதாரணப் பேச்சு சுமார் 60 டெசிபெல். இந்த அளவுகோலில் ஒரு விசேஷம் உண்டு. 3 டெசிபெல் கூடினால் ஒலியின் ஆற்றல் இரு மடங்காகும். 10 கூடினால் பத்து மடங்கு. 20 கூடினால் நூறு மடங்கு!

உலகச் சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியமும் 2019-ஆம் ஆண்டில் பாதுகாப்பாகக் கேட்பதற்கான ஒரு தரநிலையை வெளியிட்டன. அதன்படி பெரியவர்கள் 80 டெசிபெல் ஒலியை வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்கலாம். சிறுவர்களுக்கு அதே 40 மணி நேரத்துக்கு 75 டெசிபெல்தான். 3 டெசிபெல் கூடும்போதெல்லாம் நேரம் பாதியாகும். 78 டெசிபெல் என்றால் 20 மணி, 81 என்றால் 10 மணி, 84 என்றால் 5 மணி.

இப்போது பேருந்துக்குத் திரும்புவோம். உள்ளே இரைச்சல் 80 டெசிபெல் என்று வைத்துக்கொள்வோம். காதை அடைக்காத சாதாரண இயர்போன் இந்த இரைச்சலைத் தடுப்பதில்லை. ஆகவே பாட்டை 84 டெசிபெல்லுக்கு உயர்த்துகிறீர்கள். தினமும் ஒரு மணி நேரம், வாரத்தில் ஆறு நாள் பயணம் என்றால், 5 மணி நேர வரம்பு சனிக்கிழமை வருமுன்பே தீர்ந்துவிடும்.

அதே பேருந்தில், இரைச்சலை 20 டெசிபெல் குறைக்கும் காதடைப்பு இயர்போனை அணியுங்கள். செவிப்பறையை அடையும் இரைச்சல் 60 ஆகிவிடும். பாட்டுக்கு 64 போதும். கேட்கும் இன்பம் குறையவில்லை. காதில் இறங்கும் ஆற்றலோ நூறில் ஒரு பங்காகிவிட்டது. ஒலியைக் கூட்டாமல் இரைச்சலைக் குறைப்பதே காதடைப்பு இயர்போனின் பயன். அதை அணிந்துகொண்டும் பழைய அளவிலேயே ஒலியை வைத்தால் ஒரு பயனும் இல்லை.

அடைப்பின் இரகசியம்

இக்கருவியின் கதையில் செவித்திறன் சோதனைக்கு ஓர் இடம் உண்டு. அமெரிக்காவில் மீட் கில்லியன் என்பவர் 1983-இல் எட்டிமோட்டிக் ரிசர்ச் என்னும் நிறுவனத்தைத் தொடங்கினார். செவித்திறனைச் சோதிப்பதற்காகக் காதுக்குள் செருகும் ஒலிக்கருவிகளை அது உருவாக்கியது. அந்த அனுபவத்தின் பயனாக 1991-இல் இசை கேட்பதற்கான ‘இ ஆர் 4’ வெளிவந்தது. ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று ரப்பர் குடைகளைக் கவிழ்த்தாற்போன்ற அதன் முனை, செவிக்குழலை இறுக்கமாக மூடியது.

செவிக்குழலின் நீளம் சுமார் இரண்டரை சென்டிமீட்டர். அதன் வாயை மூடிவிட்டால் உள்ளே ஒரு சிறிய காற்றறை உண்டாகிறது. இயர்போனின் சிறு தகடு அந்தக் காற்றைத் தள்ளியும் இழுத்தும் ஒலியை உண்டாக்குகிறது. அறையில் சிறு இடைவெளி இருந்தால் என்ன ஆகும்? ஓட்டை விழுந்த சைக்கிள் பம்பை நினைத்துப் பாருங்கள். மெதுவாக அழுத்தினால் காற்று ஓட்டை வழியே நழுவிவிடும். சட்டென்று அழுத்தினால்தான் ஓரளவு அழுத்தம் உண்டாகும். அதுபோலவே, மெதுவாக அதிரும் தாழ்ந்த சுரங்கள் இடைவெளி வழியே நழுவிவிடுகின்றன. வேகமாக அதிரும் உச்ச சுரங்கள் தப்பி நிற்கின்றன. தவிலின் ‘தொம்’ காணாமற்போய், ஜால்ராவின் ‘சிங்’ மட்டும் கேட்கும்.

உடனே நாம் “இந்த இயர்போன் சரியில்லை” என்று ஒலியைக் கூட்டுகிறோம். குறை இயர்போனில் இல்லாமல், காதுக்குப் பொருந்தாத ரப்பர் முனையில் இருக்கலாம்!

முனையைத் தேர்ந்தெடுத்தல்

பெட்டியினுள் சிறியது, நடுத்தரமானது, பெரியது என்று மூன்று இணை சிலிகான் முனைகள் இருக்கும். பலரும் நடுத்தர முனையை மாட்டியபடியே பயன்படுத்தி, மற்றவற்றைத் தொலைத்துவிடுகிறார்கள். மூன்றையும் மாட்டிப் பாருங்கள். வலக் காதும் இடக் காதும் ஒரே அளவாக இருக்க வேண்டும் என்பதில்லை. ஒன்றுக்குச் சிறியதும் மற்றொன்றுக்கு நடுத்தரமும் பொருந்தலாம்.

அணியும்போது மறு கையால் காது மடலை மேலும் பின்னுமாக மெல்ல இழுங்கள். வளைந்த செவிக்குழல் சற்று நேராகும். பிறகு ஒலியைக் குறைத்து வைத்து, தாழ்ந்த சுரங்கள் உள்ள பாட்டைப் போடுங்கள். இயர்போனை விரலால் இலேசாக அழுத்தும்போது தாழ்ந்த சுரம் சட்டென்று கூடினால், அதுவரை இடைவெளி இருந்தது என்று பொருள். வேறு முனையை மாட்டிப் பாருங்கள். வலிக்கும் அளவுக்கு ஒருபோதும் திணிக்கக்கூடாது.

நுரை முனைகளும் உண்டு. இவற்றை விரல்களால் உருட்டிச் சுருக்கிச் செருகினால், காதுக்குள் மெல்ல விரிந்து இடத்தை நிரப்பும். அரை நிமிடம் பிடித்திருக்க வேண்டும். இவை நன்கு அடைக்கும். ஆனால் விரைவில் அழுக்கேறித் தேயும், அவ்வப்போது மாற்ற வேண்டும். சிலிகானைச் சோப்பு நீரில் கழுவி, உலர்த்தி, நெடுநாள் பயன்படுத்தலாம்.

எந்த வேலைக்கு எது?

பேருந்து, ரயில் பயணம்: நன்கு அடைக்கும் நுரை முனையோ, சரியாகப் பொருந்திய சிலிகான் முனையோ ஏற்றது. இஞ்சினின் தாழ்ந்த உறுமலை எந்த அடைப்பும் முழுதாகத் தடுக்காது. மற்ற இரைச்சல் பெரிதும் அடங்கும். இறங்கும் இடம் வருமுன் கழற்றிவிடுங்கள்.

படிப்பு: விடுதியிலோ, தொலைக்காட்சி ஓடும் வீட்டிலோ பாடம் கேட்க, நெடுநேரம் உறுத்தாத மென்மையான சிலிகான் முனை போதும். பேச்சைப் புரிந்துகொள்ளத் தாழ்ந்த சுரங்கள் தேவையில்லை. பழைய தொலைபேசிகள் ஏறத்தாழ 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரையுள்ள அதிர்வெண்களை மட்டும் அனுப்பியே வேலையை முடித்தன. ஆகவே இதற்கு விலையுயர்ந்த கருவி வேண்டியதில்லை. பாட்டே போடாமல் அணிந்தாலும் அமைதி கிடைக்கும் என்பதை மறக்காதீர்கள்!

நீங்களும் பேச வேண்டிய வகுப்பு: இரு காதையும் விரலால் மூடி “ம்ம்” என்று முனகிப் பாருங்கள். குரல் மண்டைக்குள் முழங்குகிறதல்லவா? எலும்பு வழியே வரும் குரலொலி வெளியேற வழியின்றி உள்ளேயே தங்குவதால் இப்படி ஆகிறது. காதடைப்பு இயர்போனிலும் இதே தொல்லை உண்டு. அமைதியான அறையில் பேசுவதற்குக் காதை அடைக்காத இயர்போனே வசதி. ஒலிவாங்கி உள்ளதா என்று செருகியைப் பார்த்தே அறியலாம்: பொதுவாக மூன்று கறுப்பு வளையங்கள் இருந்தால் உண்டு, இரண்டே இருந்தால் இல்லை.

இசைப் பயிற்சி: பின்னணி இசையைக் கேட்டபடி பாடிப் பதிவு செய்பவர்களுக்குக் காதடைப்பு இயர்போன் மிகப் பொருத்தம். பின்னணி ஒலி வெளியே கசிந்து பதிவில் கலக்காது. கம்பி வழிக் கருவி என்பதால் கம்பியில்லாக் கருவிகளில் வரும் ஒலித் தாமதமும் இல்லை; தாளம் பிசகாது. கம்பி சட்டையில் உரசினால் ‘கரகர’ என்று காதில் கேட்கும். கம்பியைக் காதுக்கு மேலாகச் சுற்றிப் பின்புறம் விட்டால் இது குறையும்.

சாலை, சைக்கிள், தண்டவாளம்: இங்கே எதுவும் வேண்டாம். பேருந்தில் உங்களைக் காத்த அதே 20 டெசிபெல், சாலையில் பின்னால் வரும் லாரியின் ஒலியையும் ரயிலின் ஊதலையும் உங்களிடமிருந்து மறைத்துவிடும். ஒரு காதில் மட்டும் அணிவதும் தீர்வாகாது. ஒலி எத்திசையிலிருந்து வருகிறது என்பதை இரு காதுகளையும் ஒப்பிட்டே மூளை அறிகிறது.

பெட்டியில் உள்ள எண்கள்

‘20 - 20,000 ஹெர்ட்ஸ்’ என்று ஏறக்குறைய எல்லாப் பெட்டியிலும் அச்சிட்டிருக்கும். அதைக் கொண்டு தரத்தை அளக்க முடியாது. ‘16 ஓம்’, ‘32 ஓம்’ என்பவை செல்பேசியில் எளிதாக இயங்கக்கூடியவை. கவனிக்க வேண்டியது உணர்திறன். ஒரே ஓம் அளவுள்ள இரண்டு இயர்போன்களில் ஒன்று 100 டெசிபெல், மற்றொன்று 110 என்று குறித்திருந்தால், செல்பேசியின் அதே படியில் இரண்டாவது 10 டெசிபெல் கூடுதலாக ஒலிக்கும். எனவே புது இயர்போன் வாங்கியதும் பழைய படியிலேயே தொடங்காதீர்கள். அடியிலிருந்து ஏறி வாருங்கள். செருகியையும் பாருங்கள்: பல புதிய செல்பேசிகளில் 3.5 மில்லிமீட்டர் துளை இல்லை. அவற்றுக்கு இணைப்பான் தேவைப்படும்.

உங்கள் இயர்போனைப் பிறருக்குக் கொடுக்க வேண்டாம். பிறருடையதை வாங்கவும் வேண்டாம். காதில் வலியோ சீழோ இருந்தால் அணியக்கூடாது. இயர்போனைக் கழற்றியபின் ‘ஙொய்’ என்ற ஒலி கேட்டால், அளவு மீறிவிட்டது என்று காது முறையிடுகிறது. அந்த ஒலி நீடித்தால் காது, மூக்கு, தொண்டை மருத்துவரைப் பாருங்கள்.

இனி, தொடக்கத்தில் செய்த சோதனையை ஒரு வாரம் தொடருங்கள். பேருந்தில் எத்தனையாவது படி, வீட்டில் எத்தனையாவது படி என்று தினமும் நோட்டில் குறியுங்கள். பின்னர் காதுக்குப் பொருந்தும் முனையை மாட்டிக்கொண்டு மறு வாரமும் குறியுங்கள். பேருந்துப் படி எத்தனை இறங்கியது? வகுப்பில் நண்பர்களுடன் ஒப்பிட்டுப் பாருங்கள். யாருடைய படி அதிகம் இறங்கியதோ, அவரே சரியான இயர்போனைத் தேர்ந்தெடுத்தவர்.