குதிரை ஏன் துள்ளுகிறது?

தாம்பரம் புகைவண்டி நிலையத்தின் வாயிலில் ஜட்கா வண்டிகள் வரிசையாக நின்ற காலம் ஒன்று இருந்தது. நான் பத்து வயதுச் சிறுவனாக இருந்தபோது, ஒருநாள் மாலை, அவ்விடத்தில் ஒரு காட்சியைக் கண்டேன். வண்டியிற் பூட்டிய மட்டக்குதிரை ஒன்று, ஆட்கள் ஏறி அமர்ந்தவுடன் முதுகை வளைத்துத் துள்ளிற்று, பின்னங்கால்களை உதறிற்று. வண்டியில் இருந்தோர் அஞ்சி இறங்கினர். இளைஞரான வண்டிக்காரர் சினங்கொண்டு, "முரட்டுக் குதிரை!" என்று கூறிச் சாட்டையால் அடித்தார். அடி விழுந்தோறும் துள்ளல் மிகுந்ததேயன்றித் தணியவில்லை. அருகில் நின்ற முதிய வண்டிக்காரர் ஒருவர், "சாட்டையைக் கீழே போடு, தம்பி. முதலில் அவிழ்த்துப் பார்" என்றார். முதுகின்மேற் கட்டியிருந்த பட்டையை நீக்கியபோது, அதன் அடியில் உள்ளங்கை அளவு தோல் உரிந்து, புண் சிவந்து காணப்பட்டது. ஆட்கள் ஏறியவுடன் வண்டியின் பளு அப்பட்டையின் வழியாகப் புண்ணின்மேல் இறங்கியிருக்கிறது. அடித்தவர் தலைகுனிந்து நின்றார்.

அன்று அம்முதியவர் செய்தது யாது? மற்றவர் குதிரையின் குணத்தைப் பழித்தபோது, அவர் துள்ளலின் காரணத்தைத் தேடினார். 'முரடு' என்னும் சொல் ஆராய்ச்சியை முடித்துவிடுகிறது. 'ஏன்' என்னும் சொல் அதனைத் தொடங்கி வைக்கிறது. குதிரை தன்மேல் ஏறியவரை வீழ்த்துமாறு துள்ளுவதற்குரிய காரணங்கள் யாவை, அவற்றைக் கண்டறியும் முறை யாது என்பவற்றை இப்பாடத்திற் காண்போம்.

ஜட்கா வண்டிகள் மறைந்தனவாயினும், குதிரைகள் நம் பக்கத்திலிருந்து மறைந்துவிடவில்லை. பரங்கிமலையில் 1963 ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற படை அலுவலர் பயிற்சி நிலையத்தில் குதிரையேற்றமும் பயிற்றப்படுகிறது. சென்னைக் காவல்துறையினர் குதிரைமீது அமர்ந்து மெரினாக் கடற்கரையிற் காவல் புரிகின்றனர். சிறுவரை ஏற்றிச் செல்லும் குதிரைகளையும் கடற்கரையிற் காண்கிறோம். துள்ளும் குதிரையிலிருந்து வீழ்ந்தவர் எலும்பு முறிவதும் உண்டு. உயிர் இழப்பதும் உண்டு. ஆதலின், குதிரையின் நலமும் மனிதனின் உயிரும் இவ்வாராய்ச்சியில் அடங்கியுள்ளன.

முதலில் குதிரையின் இயல்பை அறிதல் வேண்டும். குதிரை புல் மேயும் விலங்கு. அதற்குக் கொம்பு இல்லை. கூரிய நகமும் இல்லை. ஓட்டமும் உதைப்பும் துள்ளலுமே அதன் படைக்கலங்கள். கொடிய விலங்கு ஏதேனும் முதுகின்மேற் பாய்ந்தால், அது தலையைத் தாழ்த்தி, முதுகை வில்போல் வளைத்து எழும்பி, பின்னங்கால்களை உதறி, அவ்விலங்கைத் தள்ள முயலும். இஃது இயற்கை அளித்த தற்காப்பு. பகை பாயும் அதே முதுகின்மேல்தான் மனிதனும் ஏறி அமர்கின்றான். பொறுமையான பயிற்சியால் குதிரை அதற்கு இசைகின்றது. எனினும், நோவோ அச்சமோ நேர்ந்துழிப் பழைய இயல்பு தலைதூக்கும்.

குதிரையைப் பேணும் அறிவு எத்துணை இன்றியமையாதது என்பதற்கு நம் நாட்டு வரலாறே சான்றாகும். கடல்வழியே குதிரைகள் தமிழகத்திற்கு வந்த செய்தியைப் பட்டினப்பாலை உரைக்கின்றது. 13 ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கு வந்த வெனிசு நகரத்து மார்க்கோ போலோ, அரபு நாட்டுக் கரையிலிருந்தும் பாரசீகக் கரையிலிருந்தும் ஆண்டுதோறும் பெருந்தொகையான குதிரைகள் பாண்டிய நாட்டில் வந்திறங்கின என்று எழுதியுள்ளார். அவற்றைப் பேணும் முறை அறிந்தோர் இன்மையால் அவற்றுட் பல மடிந்தன என்றும் அவர் குறித்துள்ளார். பொருள் கொடுத்துக் குதிரையை வாங்கலாம். அதன் நோவை அறியும் அறிவைக் கற்றே பெறுதல் வேண்டும்.

செஞ்சியை ஆண்டு, 1714 ஆம் ஆண்டில் போர்க்களத்தில் உயிர்நீத்த தேசிங்கு ராசன், எவர்க்கும் அடங்காத குதிரை ஒன்றை அடக்கினான் என்று நாட்டுக் கதைப்பாடல் புகழ்கின்றது. அதனைக் கேட்கும் நாம் அவன் வீரத்தை வியக்கின்றோம். ஆயின், அக்குதிரை ஏன் அடங்காதிருந்தது என்று வினவுவதில்லை. இவ்வினாவை எழுப்பிய சிறுவன் ஒருவனைக் கிரேக்க ஆசிரியர் புளூட்டார்க்கு நமக்குக் காட்டுகின்றார்.

மாசிடோனிய மன்னன் பிலிப்பிடம் விலையுயர்ந்த குதிரை ஒன்றைக் கொணர்ந்தனர். அது எவரையும் ஏறவிடாது துள்ளிற்று. பயனற்றதென்று அதனைத் திருப்பி அனுப்புமாறு மன்னன் பணித்தான். சிறுவனாகிய அவன் மகன் அலெக்சாந்தர் மட்டும் அதனைக் கூர்ந்து நோக்கினான். தரையில் விழுந்து அசைகின்ற தன் நிழலைக் கண்டே அது மருள்கின்றது என்பதை உணர்ந்தான். உடனே கடிவாளத்தைப் பற்றி, அதன் முகத்தைக் கதிரவனை நோக்கித் திருப்பினான். நிழல் பின்னே சென்றது, மருட்சி நீங்கிற்று. மெல்லத் தடவிக்கொடுத்துப் பின் ஏறி அமர்ந்தான். பியூசிபாலஸ் என்னும் அக்குதிரை பன்னாடுகளுக்கு அவனைச் சுமந்து சென்று, கி.மு. 326 இல் சீலம் ஆற்றங்கரையில் நிகழ்ந்த போரையொட்டி இறந்தது. அவன் அதன் பெயரால் அங்கு ஒரு நகரத்தையே அமைத்தான். தந்தை துள்ளலைக் கண்டான். மகன் அதன் காரணத்தைக் கண்டான்.

எல்லாக் குதிரைகளுக்கும் நிழலே காரணமாகாது. நோயை ஆராய்ந்து, அதன் முதற்காரணத்தையும் ஆராய்ந்து, அதன் பின்னரே தணிக்கும் வழியை நாடவேண்டும் என்பது திருவள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்தில் வகுத்த நெறி. குதிரையின் துள்ளலுக்கும் அந்நெறியே பொருந்தும்.

சென்னைத் தீவுத்திடலின் அருகே சர் தாமசு மன்றோவின் குதிரைச் சிலை உளது. 1839 ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற அச்சிலையில் சேணமும் இல்லை, அங்கவடியும் இல்லை. வெண்கலக் குதிரைக்கு அதனால் வரும் குறை ஒன்றுமில்லை. உயிருள்ள குதிரையைப் பொறுத்தவரை, சேணமே முதலில் ஆராய்தற்குரியது. ஏறுபவரின் எடை குதிரையின் முதுகெலும்பின்மேல் தங்கலாகாது. அவ்வெலும்பின் இருமருங்கும் உள்ள தசைகளின்மேற் பரவுதல் வேண்டும். சேணம் குறுகியதாயின் தோட்பக்கத்தைக் கவ்வும். அகன்றதாயின் தாழ்ந்து எலும்பில் உராயும். வயிற்று வாரைத் திடுமென இறுக்கினாலும் நோவு உண்டாகும். சென்னையின் வெயிலில் வியர்வை பெருகிச் சேணத்துணியில் உப்பாக உறையும். துவைக்காத துணி தோலை அறுக்கும். துணியில் ஒட்டிய ஒரு நெருஞ்சி முள்ளும் போதும். துணி மேலிருக்கும்போது வருத்தாத அது, மனிதன் ஏறி அமர்ந்தவுடன் தசையில் தைக்கும். நாம் முள்ளைக் காணாது துள்ளலை மட்டும் காண்போம்.

அடுத்து ஆராய்தற்குரியது வாய். குதிரையின் பற்கள் நெடுங்காலம் ஈறுகளிலிருந்து வெளிவந்துகொண்டே இருக்கும், அரைக்குந்தோறும் தேயும். மேல்தாடை கீழ்த்தாடையினும் அகன்றிருத்தலால், தேய்மானம் ஒத்து அமையாது, பல்லின் விளிம்புகள் கத்திபோற் கூர்மையுறும். அவை கன்னத்தையும் நாவையும் கிழிக்கும். அந்நிலையிற் கடிவாளத்தை இழுத்தால் குதிரை எங்ஙனம் பொறுக்கும்? மருத்துவர் அரங்கொண்டு பல்லைத் தேய்த்துச் சமன் செய்தால் இக்குறை தீரும். லாடம் பிழையாக அமைதலும், கால் மூட்டு வீங்குதலும், முதுகெலும்பின் முட்கள் ஒன்றோடொன்று உராய்தலும் துள்ளலுக்குக் காரணமாகலாம். குதிரையின் இரைப்பை சிறியது. அதில் அமிலம் இடையறாது சுரக்கும். நெடுநேரம் வெறும் வயிற்றோடு நிறுத்திவைத்தால் இரைப்பையிற் புண் தோன்றுவதுண்டு.

உடலிற் குறை இல்லையாயின், ஏறுபவரையும் தீனியையும் நோக்குதல் வேண்டும். மூட்டைபோற் பொத்தென்று அமர்பவரையும், நிலைதடுமாறிக் கடிவாளத்தை வெட்டி இழுப்பவரையும் சுமப்பது குதிரைக்குத் துன்பமே. கொள்ளும் தானியமும் மிகுதியாகத் தந்து, நாள் முழுதும் லாயத்திற் கட்டிவைத்துப் பின் ஏறினால், அடைபட்ட வலிமை துள்ளலாக வெளிப்படும். பழக்கமும் ஒரு காரணமாகும். துள்ளியவுடன் ஏறியவர் வீழ்ந்து, குதிரையை லாயத்திற்குக் கொண்டுபோய்விட்டால், துள்ளினால் வேலை ஒழியும் என்பதை அது கற்றுக்கொள்ளும். இங்ஙனம் நோவினால் தொடங்கிய துள்ளல், நோவு நீங்கிய பின்னரும் நிற்றல் உண்டு. அதனை மாற்ற மீண்டும் பொறுமையான பயிற்சி வேண்டும்.

இத்துணைக் காரணங்களுள் ஒன்றைப் பிரித்தறிவது எங்ஙனம்? முதலில் சேணமின்றி, நீண்ட கயிற்றிற் பிடித்துக் குதிரையை வட்டமாக ஓட்டிப் பார்க்கவேண்டும். அப்பொழுதும் நடை கோணினால் காலையோ முதுகையோ ஐயுறலாம். பின்னர்ச் சேணத்தை மட்டும் பூட்டி ஓட்டவேண்டும். அப்பொழுது துள்ளல் தோன்றினால் சேணத்தையும் அதன் அடியிலுள்ள முதுகையும் ஆராயவேண்டும். இறுதியில், தேர்ச்சிமிக்க ஒருவர் ஏறிப் பார்க்கலாம். அவரிடத்து அமைதியாகவும் மற்றவரிடத்துத் துள்ளலாகவும் இருப்பின், அமரும் முறையை ஐயுறுதல் தகும். ஒரு நேரத்தில் ஒன்றையே மாற்றுதல் வேண்டும் என்பது இதில் நினைவிற் கொள்ளத்தக்கது. சேணம், தீனி, கடிவாளம் ஆகிய மூன்றையும் ஒரே நாளில் மாற்றினால், துள்ளல் நின்றாலும் எதனால் நின்றது என்பது விளங்காது.

முடிவு கூறுதற்குரியவர் கால்நடை மருத்துவரே. சென்னை வேப்பேரியில் இன்று உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரி 1903 ஆம் ஆண்டு முதல் இக்கல்வியைப் பயிற்றி வருகின்றது. இங்கிலாந்தின் கால்நடை மருத்துவர் சூ டைசன் என்பாரும் அவர்தம் குழுவினரும், ஏறிச் செலுத்தும்போது குதிரை காட்டும் குறிகளை ஆராய்ந்து, 2018 ஆம் ஆண்டில் 24 குறிகள் கொண்ட ஒரு பட்டியலை வெளியிட்டனர். காதைப் பின்னுக்கு மடித்தல், வாயைத் திறத்தல், வாலை வீசுதல், துள்ளுதல் போன்றவை அவற்றுட் சில. எட்டு அல்லது அதற்கு மேற்பட்ட குறிகள் ஒருங்கே தோன்றினால், எலும்பிலோ தசையிலோ நோவு இருத்தல் கூடும் என்பது அவர்கள் கண்ட முடிவு. துள்ளலுக்கு முன்னரே குதிரை பலமுறை முறையிடுகின்றது என்பதும் இதனாற் பெறப்படும்.

குதிரையிடம் ஒருபோதும் சினத்தோடு செல்லலாகாது என்று கிரேக்க ஆசிரியர் செனபோன் 2,300 ஆண்டுகளுக்கு முன்னரே எழுதிவைத்தார். சினம் மிக்கவர் கண்ணுக்குப் புண் தோன்றாது, முரடே தோன்றும். நோவால் துள்ளிய குதிரையை அடித்தால், ஒரு நோவின்மேல் மற்றொரு நோவைச் சுமத்தியவராவோம். அடிக்கு அஞ்சித் துள்ளலை அடக்கிக்கொண்டாலும், உள்ளிருக்கும் நோவு அடங்காது. பிறிதொரு நாள் பெருந்தீங்காக வெளிப்படும்.

நான் கண்ட அம்மட்டக்குதிரைக்குப் பல நாள் ஓய்வு அளித்தார்கள். புண்ணுக்கு மருந்திட்டுப் பட்டைக்கு அடியில் மெத்தென்ற துணி தைத்தார்கள். சில வாரங்கள் கழித்து, அதே நிலையத்தின் வாயிலில், அதே வண்டியில், ஆட்கள் ஏறக் கண்டேன். குதிரை காதை ஒருமுறை அசைத்துவிட்டு அமைதியாக நடந்தது. வண்டிக்காரரின் கையிற் சாட்டை இருந்தது. அதனை அவர் வீசவில்லை.