பாடம் கேட்ட வாத்தியார்

1880-ம் ஆண்டு பிப்ரவரி 16-ந் தேதி.

கும்பகோணத்தில், காவிரிக் கரையில் உள்ள அரசாங்கக் காலேஜுக்கு அன்று ஒரு புதிய தமிழ் வாத்தியார் வந்து சேர்ந்தார்.

அவருக்கு 25 வயதுகூட நிறையவில்லை. அதற்கு இன்னும் மூன்று நாள் இருந்தது. சம்பளம் மாதம் 50 ரூபாய்.

அவர் காலேஜில் படித்தவர் அல்ல. பரீட்சை எழுதிப் பட்டம் வாங்கியவரும் அல்ல. எதிரே பெஞ்சுகளில் உட்கார்ந்து இருந்தவர்களோ, இங்கிலீஷ் படித்து உத்தியோகத்துக்குப் போக இருந்த வாலிபர்கள். அந்தக் காலத்தில் இங்கிலீஷுக்குத்தான் மதிப்பு. தமிழ் வகுப்பு என்றால் பலருக்கு இளக்காரம்.

இந்த மாணவர்களை அவர் எப்படிக் கட்டி ஆண்டார்?

அதைத் தெரிந்துகொள்ள வேண்டுமானால், அவர் படித்த கதையை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். அவர்தான் பிற்காலத்தில் "தமிழ்த் தாத்தா" என்று நாடே போற்றிய உ.வே.சாமிநாத அய்யர்.

ஊர் ஊராக...

சாமிநாத அய்யரின் சொந்த ஊர் உத்தமதானபுரம். தஞ்சை மாவட்டத்தில் பாபநாசம் பக்கத்தில் உள்ள சிறு கிராமம். பிறந்தது 1855-ம் ஆண்டு.

தகப்பனார் வேங்கடசுப்பையர் சங்கீதம் தெரிந்தவர். ஆனால் கையில் காசு இல்லாதவர். மகனுக்குத் தமிழ்மேல் ஆசை விழுந்தது. தமிழ் சொல்லிக் கொடுப்பவர் எந்த ஊரில் இருக்கிறாரோ, அந்த ஊருக்கே குடும்பத்தோடு போய்விடுவார் தகப்பனார்.

அரியலூரில் சடகோப அய்யங்கார் பாடம் சொன்னார். குன்னத்தில் சிலர் சொன்னார்கள். செங்கணம் விருத்தாசல ரெட்டியாரும் சொன்னார்.

பையனின் ஆசை அடங்கவில்லை. மேலே படிக்க மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் போவதுதான் நல்லது என்று ரெட்டியார் வழி காட்டினார். தன்னிடமே பையன் இருக்க வேண்டும் என்று அவர் நினைக்கவில்லை. தன்னைவிடப் பெரியவரிடம் அனுப்பி வைத்தார்.

தனக்குத் தெரிந்தது எதுவரை என்று தெரிந்தவர் நல்ல வாத்தியார். பையன் கற்ற முதல் பெரிய பாடம் இது.

பிள்ளையின் நிழலில்

மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை அப்போது மாயூரத்தில் இருந்தார். 1871-ல் சாமிநாத அய்யர் அவரிடம் போய்ச் சேர்ந்தார்.

பிள்ளை பெரிய புலவர். ஆனால் பணக்காரர் அல்ல. அப்படி இருந்தும், படிக்க வந்தவர்களிடம் அவர் பணம் வாங்கவில்லை. ஏழை மாணவர்களுக்குச் சாப்பாட்டுக்கும் வழி செய்தார்.

அவரிடம் படித்தவர்களில் கிறிஸ்தவர் உண்டு. அவர் சவரிராயலு நாயகர். முஸ்லிமும் உண்டு. அவர் நாகூர் குலாம்காதிறு நாவலர். யாராக இருந்தாலும் தமிழ் கேட்டு வந்தால் போதும்.

1876-ல் பிள்ளை காலமானார். அதன் பிறகு திருவாவடுதுறை ஆதீனத் தலைவர் சுப்பிரமணிய தேசிகர், சாமிநாத அய்யரை மடத்தில் வைத்துக்கொண்டார். அங்கே அவர் பாடம் கேட்டார். மற்றவர்களுக்குப் பாடம் சொல்லவும் செய்தார்.

கும்பகோணம் காலேஜில் தமிழ்ப் பண்டிதராக இருந்தவர் தியாகராச செட்டியார். அவரும் பிள்ளையின் மாணவர். வேலையில் இருந்து விலகும் நேரம் வந்ததும், தன் இடத்துக்குச் சாமிநாத அய்யரே தகுந்தவர் என்று சொன்னார். தேசிகரைக் கேட்டுச் சம்மதமும் வாங்கினார்.

இப்படித்தான் மடத்துத் திண்ணையில் இருந்தவர் காலேஜ் நாற்காலிக்கு வந்தார்.

பாட்டும் பாடமும்

பிள்ளைக்குச் சங்கீதம் பிடிக்காது. பாட்டில் மனம் போனால் படிப்பில் மனம் போகாது என்பது அவர் எண்ணம். மாயூரத்தில் சாமிநாத அய்யர் சிறிது காலம் கோபாலகிருஷ்ண பாரதியாரிடம் சங்கீதம் கற்றார். "நந்தனார் சரித்திரம்" பாடிய அதே பாரதியார்தான். பிள்ளைக்கு அது பிடிக்கவில்லை என்று தெரிந்ததும் நிறுத்திவிட்டார்.

ஆனால் தானே வாத்தியாராக வந்தபோது, அந்தச் சங்கீதத்தை வகுப்புக்குள் கொண்டுவந்தார். செய்யுளை ராகத்தோடு படித்தார். பிறகு பொருள் சொன்னார். காதுக்கு இனிமையாக இருந்தால் மாணவன் கவனிப்பான். கவனித்தால் பொருள் தானாகவே மனதில் ஏறும்.

குருவிடம் அவருக்கு இருந்த பக்தி பெரிது. குருவின் அன்பை அப்படியே எடுத்துக்கொண்டார். பாடம் சொல்லும் முறையில் மட்டும், எதிரே இருக்கும் மாணவனுக்கு எது வேண்டும் என்று பார்த்தார்.

முன்சீப் கேட்ட கேள்வி

வேலை கிடைத்தது. சம்பளம் வந்தது. மாணவர்களுக்கும் அவரைப் பிடித்துவிட்டது. இனிமேல் படித்ததையே சொல்லிக்கொண்டு காலத்தை ஓட்டிவிடலாம்.

அந்தச் சமயத்தில்தான் ஒரு சோதனை வந்தது.

கும்பகோணத்துக்குப் புதிதாக ஒரு முன்சீப் வந்தார். பெயர் சேலம் இராமசாமி முதலியார். 1880-ம் ஆண்டு அக்டோபர் 21-ந் தேதி சாமிநாத அய்யர் அவரைப் பார்க்கப் போனார்.

என்ன படித்து இருக்கிறீர்கள் என்று முதலியார் கேட்டார். அய்யர் வரிசையாகச் சொன்னார். அந்தாதிகள், பிள்ளைத்தமிழ்கள், கோவைகள், புராணங்கள் என்று பட்டியல் நீண்டது.

முதலியார் வியக்கவில்லை. சீவக சிந்தாமணி படித்தது உண்டா என்று கேட்டார். மணிமேகலை படித்தது உண்டா என்றும் கேட்டார்.

இரண்டையும் அவர் படித்தது இல்லை!

காலேஜ் வாத்தியாருக்கு அது எப்படி இருந்து இருக்கும்? கோபம் வரலாம். அவமானமாகத் தோன்றலாம். "இது பாடத்திலேயே இல்லை" என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளவும் செய்யலாம். பலர் அப்படித்தான் செய்வார்கள்.

சாமிநாத அய்யர் உள்ளதைச் சொன்னார். படிக்கவில்லை, புத்தகம் கிடைத்தால் படிக்கிறேன் என்றார். முதலியார் பிறகு சிந்தாமணியின் கையெழுத்துப் பிரதி ஒன்றைக் கொடுத்தார்.

வாத்தியார் மாணவர் ஆனார்

சிந்தாமணி லேசான நூல் அல்ல. மூவாயிரத்துக்கும் மேற்பட்ட பாட்டுகள். எழுதியவர் திருத்தக்கதேவர் என்ற சமண முனிவர். சமணர்களின் கொள்கையும் பழக்க வழக்கமும் தெரியாமல் பல இடங்களுக்குப் பொருள் விளங்காது.

சாமிநாத அய்யரோ சைவ மடத்தில் படித்தவர். யாரிடம் போய்க் கேட்பது?

கும்பகோணத்திலேயே சமணர்கள் இருந்தார்கள். விசாரித்துக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போனார். வாசலில் தோரணம் கட்டி இருந்தது. உள்ளே ஒரே கொண்டாட்டம். என்ன விசேஷம் என்று கேட்டால், அந்த வீட்டில் சிந்தாமணியைப் படித்து முடித்த நாள் அது!

பெரிய பண்டிதர்களுக்கும் தெரியாத நூலை, ஒரு வீட்டில் உட்கார்ந்து குடும்பத்தோடு கேட்டுக்கொண்டு இருந்தார்கள்.

சாமிநாத அய்யர் அவர்களிடம் சந்தேகம் கேட்டார். பகலில் அவர் காலேஜ் வாத்தியார். காலேஜ் விட்டு வந்தால் மாணவர். ஊர் ஊராக ஏட்டுச் சுவடிகளைத் தேடி, ஒன்றோடு ஒன்றை ஒத்துப் பார்த்தார்.

ஏழு ஆண்டுகள் ஆயின. 1887-ல் சீவக சிந்தாமணி அச்சுப் புத்தகமாக வெளிவந்தது.

அதோடு அவர் நிற்கவில்லை. 1889-ல் பத்துப்பாட்டு, 1892-ல் சிலப்பதிகாரம், 1894-ல் புறநானூறு, 1898-ல் மணிமேகலை என்று ஒவ்வொன்றாக வந்தன. இவ்வளவும் கும்பகோணத்தில் வேலை பார்த்துக்கொண்டே செய்த காரியங்கள். 1903-ல்தான் அவர் சென்னை மாநிலக் கல்லூரிக்கு மாறினார்.

இன்று பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் புறநானூற்றுப் பாட்டைப் படிக்கிறார்கள். அவர்கள் கைக்கு அது வந்து சேர்ந்ததற்கு, ஒரு வாத்தியார் தனக்குத் தெரியாததை ஒத்துக்கொண்டதும் ஒரு காரணம்.

மறக்காத மனம்

சென்னையில் திருவேட்டீசுவரன்பேட்டையில் சாமிநாத அய்யருக்கு ஒரு வீடு இருந்தது. அதற்கு அவர் வைத்த பெயர் "தியாகராச விலாசம்". தனக்கு வேலை வாங்கிக் கொடுத்த தியாகராச செட்டியாரின் நினைவாக வைத்த பெயர்.

1942-ம் ஆண்டு ஏப்ரல் 28-ந் தேதி சாமிநாத அய்யர் காலமானார். சென்னை வீடு இப்போது இல்லை. 2012-ல் அதை இடித்துவிட்டார்கள். கும்பகோணம் காலேஜ் இன்னும் அதே காவிரிக் கரையில் நடக்கிறது.

ஒவ்வொரு ஆண்டும் எத்தனையோ பேர் புதிதாக வாத்தியார் வேலைக்குப் போகிறார்கள். முதல் வாரத்திலேயே ஒரு பையன் எழுந்து, விடை தெரியாத கேள்வி ஒன்றைக் கேட்பான். வகுப்பே வாத்தியார் முகத்தைப் பார்க்கும்.

அப்போது அவனை அதட்டி உட்கார வைக்கலாம். அல்லது, "எனக்குத் தெரியவில்லை அப்பா, படித்துவிட்டு வந்து சொல்கிறேன்" என்று சொல்லலாம்.

சொன்னபடி மறுநாள் படித்துவிட்டு வந்தால், அந்தப் பையன் ஆயுள் முழுவதும் அந்த வாத்தியாரை மறக்க மாட்டான்.