கண்மாய் வற்றும் மாதங்களில் என்ன பார்க்கலாம்?

மாசி பிறந்ததும் முதுமலையிலும் டாப்சிலிப்பிலும் அறை கிடைக்குமா என்று விசாரிக்கத் தொடங்கிவிடுகிறோம். கோடை விடுமுறைக்கு முன் ஒரு முறை காட்டைப் பார்த்துவிட்டு வரலாம் என்ற ஆசை நியாயமானதுதான். ஆனால் அந்த மாதங்களில் மலைக்காடுகள் எல்லாம் திறந்திருப்பதில்லை. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் பரவிய காட்டுத்தீயில், மலையேறச் சென்ற 20க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அதற்குப் பிறகு, தீப்பிடிக்கும் காலத்தில் மலையேற்றப் பாதைகளை வனத்துறை மூடிவிடுகிறது. மூணாறை அடுத்த இரவிகுளம் தேசியப் பூங்காவிலும் வரையாடுகள் குட்டி போடும் காலம் என்பதால் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் பார்வையாளர்களை அனுமதிப்பதில்லை.

மதுரையின் மேற்கு ஓரத்தில், தேனி சாலையில் இருக்கும் நாகமலை புதுக்கோட்டையைச் சுற்றி இதே மாதங்களில் காணக் கிடைப்பவை ஏராளம். பக்கத்திலேயே இருப்பதால்தானோ என்னவோ, யாரும் அவற்றைப் பெரிதாக எண்ணுவதில்லை.

குளிர்நாடுகளில் வசந்தம் வந்தால் பனி உருகும், மரம் துளிர்க்கும், பறவைகள் வந்து சேரும். நம் சமவெளியின் கணக்கு வேறு. இங்கே நிலத்தை நனைப்பது ஐப்பசி, கார்த்திகையில் பெய்யும் வடகிழக்குப் பருவமழை. தை முடிந்ததும் கண்மாய் இறங்கத் தொடங்கும். பங்குனியில் கரட்டு மரங்கள் பலவும் இலை உதிர்த்து நிற்கும். புங்கம், வேம்பு போன்றவை மட்டும் அந்த வெயிலிலும் புதுத்தளிர் விடும். நீர் சுருங்குவதால் உயிர்கள் ஓரிடத்தில் கூடுகின்றன. இலை உதிர்வதால் மறைவு குறைகிறது. காட்டுயிர் பார்க்க வருபவருக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

மாடக்குளம், துவரிமான் போன்ற கண்மாய்களை நிரம்பித் தளும்பும்போது போய்ப் பார்த்தால் பறவைகள் எங்கோ தொலைவில் புள்ளிகளாகத் தெரியும். நீர் முழங்காலளவுக்கு இறங்கட்டும். சிதறிக் கிடந்த மீன்கள் எல்லாம் மிச்சமிருக்கும் பள்ளத்துக்குள் ஒதுங்கும். அந்தச் செய்தி நாரைகளுக்கும் கூழைக்கடாக்களுக்கும் எப்படியோ எட்டிவிடும். மஞ்சள்மூக்கு நாரை மீன் பிடிப்பதைக் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். அலகைப் பாதி திறந்து நீருக்குள் விட்டபடி இடமும் வலமும் மெல்ல வீசிக்கொண்டே நடக்கும். காலால் சேற்றைக் கலக்கி மீனைக் கிளப்பும். கலங்கல் நீரில் கண்ணுக்கு வேலையில்லை. அலகில் மீன் பட்ட கணமே வாய் மூடிக்கொள்ளும். பக்கத்திலேயே கரண்டிவாயனும் அரிவாள்மூக்கனும் அதே சேற்றை வேறு வேறு விதமாகத் துழாவிக்கொண்டிருக்கும்.

விருந்தாளிப் பறவைகள் விடைபெறுவதும் இப்போதுதான். மத்திய ஆசியா, சைபீரியப் பகுதிகளிலிருந்து வந்த நீலச்சிறகி வாத்துகள் புறப்படுவதற்கு முன் நன்றாகத் தின்று உடம்பில் கொழுப்பைச் சேர்த்துக்கொள்ளும். ஆறுமணிக் குருவி இமயமலை அடிவாரம் வரைக்கும் போகும். சூறைக்குருவிகள் திரள்திரளாக வானில் சுழன்றுவிட்டு ஒரு நாள் காணாமல் போகும். ஐரோப்பாவில் வசந்தத்தின் முதல் பறவை என்று கொண்டாடப்படும் தகைவிலான் இனம்தான், நம் கண்மாய்க்கரை மின்கம்பியிலிருந்தும் வடக்கே கிளம்புகிறது.

குன்றுகளின் கதை வேறு. நாகமலை புதுக்கோட்டைக்கு அருகில் கீழக்குயில்குடியில் இருக்கிறது சமணர் மலை. செட்டிப்புடவு, பேச்சிப்பள்ளம் ஆகிய இடங்களில் உள்ள தீர்த்தங்கரர் சிற்பங்களுக்காகப் பலர் இங்கே வருகிறார்கள். அந்தப் பாறைகளில் ஓணானையும் பார்க்கலாம். வெயில் ஏறும் பருவத்தில் ஆண் பாறை ஓணானின் முதுகு சிவந்து, பக்கவாட்டு கறுத்துவிடும். உயரமான கல்லில் ஏறி நின்று தலையை ஆட்டி ஆட்டித் தன் எல்லையை அறிவிக்கும். பெண் ஓணானோ பாறையின் நிறத்திலேயே இருப்பதால் அசையும்போதுதான் கண்ணில் படும்.

குன்றுக் குகைகளில் வாழும் வௌவால்களை இங்கிருக்கும் மதுரை காமராசர் பல்கலைக்கழகம் ஆராய்ந்தது. பேராசிரியர் எம்.கே. சந்திரசேகரன் குழுவினர் 1980களின் தொடக்கத்தில் வெளியிட்ட ஆய்வு புகழ்பெற்றது. பகலும் இரவும் தெரியாத இருட்டுக் குகையில் அடைபட்ட வௌவால், தன் இனத்தாரோடு இருக்கும்வரை நேரம் தவறுவதில்லை. வெளியே போய்வரும் மற்ற வௌவால்களின் நடமாட்டமே அதற்குக் கடிகாரம். தனியாக விட்டால் அதன் நாள் கொஞ்சம் கொஞ்சமாக நழுவிவிடுகிறது. வௌவால் கிளம்பும் அந்தி நேரத்தில் குகை வாசலை மறிக்காமல் தள்ளி நின்று வானத்தைப் பாருங்கள். டார்ச் அடித்து உள்ளே போக வேண்டாம்.

மதுரைக்கு வடகிழக்கே, மேலூர்ப் பக்கம் இருக்கும் அரிட்டாபட்டிக்குத் தனியாக ஒரு நாள் ஒதுக்க வேண்டும். அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் கிராமங்களில் 193.215 ஹெக்டேர் நிலத்தை 2022 நவம்பரில் தமிழக அரசு பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்தது. மாநிலத்தில் அந்தத் தகுதி பெற்ற முதல் இடம் அது. ஏழு குன்றுகள், சுனைகள், கண்மாய்கள், சுமார் 250 பறவை இனங்கள். தேவாங்கும் அலங்கும் உண்டு என்றாலும் இரவில் உலவும் அவை பகலில் வருவோருக்கு எளிதில் தட்டுப்படாது. லகர் வல்லூறு, ஷாகின் வல்லூறு, ராசாளிப் பருந்து ஆகிய மூன்றும் பாறைச் செங்குத்துகளில் வாழ்கின்றன. பனிக்காலம் தொடங்கி வெயில்காலம் வரை அவை குஞ்சு வளர்க்கும் பருவம். பாறையின் உச்சிக்கு ஆள் ஏறினாலோ ட்ரோன் பறந்தாலோ தாய்ப்பறவை கூட்டை விட்டு எழுந்துவிடும். அந்த வெயிலில் குஞ்சு அதிக நேரம் தாங்காது. அதனால் கீழே மரநிழலில் இருந்தே பைனாகுலரில் பாருங்கள்.

இந்த வட்டாரத்தில் டங்ஸ்டன் சுரங்கம் அமைக்க 2024 நவம்பரில் ஏலம் முடிந்தபோது ஊர் ஊராக மக்கள் எழுந்தார்கள். 2025 ஜனவரியில் ஆயிரக்கணக்கானோர் மதுரை நோக்கி நடந்தார்கள். அதே மாதம் மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது. இன்று நாம் அங்கே போய்ப் பருந்து பார்க்க முடிகிறது என்றால் அந்த ஊர்க்காரர்களுக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும்.

தூரம் போகத் தயங்காதவர்கள் நெல்லை மாவட்டம் கூந்தன்குளத்துக்குப் போகலாம். நீர் இருக்கும் ஆண்டுகளில் நாரைகளும் கூழைக்கடாக்களும் ஊருக்குள் வீட்டு மரங்களிலேயே கூடு கட்டும். பங்குனியில் குஞ்சுகளின் சத்தம் தெருவெங்கும் கேட்கும். ஸ்ரீவில்லிபுத்தூரை அடுத்த செண்பகத்தோப்பில் சாம்பல் நிற அணிலைக் காலையிலேயே தேட வேண்டும். இந்தப் பருவத்தில் சிவகங்கை மாவட்டம் வேட்டங்குடிக்குக் கிளம்பும் முன் தண்ணீர் இருக்கிறதா என்று கேட்டுக்கொள்வது நல்லது. அங்கே பறவைக் கூட்டம் கூடுவது கார்த்திகை முதல் மாசி வரை.

எங்கே போனாலும் காலை ஆறிலிருந்து எட்டரைக்குள் பார்த்துவிடுங்கள். அதன்பின் பறவைகளும் நிழல் தேடிப் போய்விடும். செல்போனில் பறவைக் குரலை ஒலிக்கவிட்டு வரவழைக்கும் பழக்கம் இப்போது பரவிவருகிறது. இணை தேடும் காலத்தில் அந்தக் குரலைக் கேட்கும் பறவை, போட்டிக்கு வேறொன்று வந்துவிட்டதாக எண்ணிக் கூட்டை விட்டுவிட்டு அலையும். பார்த்தவற்றைத் தேதியோடும் இடத்தோடும் ஈபேர்ட் (eBird) இணையதளத்தில் பதிவு செய்யுங்கள். தமிழ்நாட்டில் 2015 முதல் நடக்கும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு தை மாதத்துப் பறவைகளைப் பதிந்துவிடுகிறது. அவை எந்த நாளில் கிளம்பிப் போயின என்பதை அறிய, பங்குனியிலும் சித்திரையிலும் அதே கண்மாய்க்கரைக்கு யாராவது வாராவாரம் போய்வர வேண்டும்.