சூடேறும் பழைய மடிக்கணினி: மாற்றும் முன் தூசியைத் துடைப்போம்

கோடைக்காலப் பிற்பகல். பிள்ளையின் கல்லூரிக் கட்டணத்தை இணைய வங்கிச் சேவை வழியாகச் செலுத்திக்கொண்டிருக்கிறோம். ஆறேழு ஆண்டுகளாக உழைத்துவரும் மடிக்கணினியின் விசிறி இரைகிறது. அடிப்பாகம் கை வைக்க இயலாதபடி சுடுகிறது. விவரங்களை உறுதி செய்த நொடியில் திரை அணைந்துவிடுகிறது. பணம் சென்றதா, இல்லையா? இந்நிலையில் உடனே மறுமுறை செலுத்த முற்படலாகாது. கைப்பேசியிலோ வேறு கணினியிலோ கணக்கு விவரத்தைப் பார்த்து, தொகை கழிக்கப்பட்டுள்ளதா என்று முதலில் அறிய வேண்டும்.

அடுத்து எழும் கேள்வி, புதிய கணினி வாங்க வேண்டுமா என்பது. பல வேளைகளில் அதற்குத் தேவை இராது. உட்புறத்தைத் தூய்மை செய்தாலே போதும்.

வெப்பம் ஏன் மிகுகிறது?

கணினி இயங்கும்போது பிராசசர் எனப்படும் செயலி சூடாகிறது. அச்சூட்டை ஒரு செப்புக் குழாய் கவர்ந்து, ஓரத்திலுள்ள மெல்லிய உலோகத் தகடுகளுக்குக் கொண்டுசெல்கிறது. விசிறி அத்தகடுகளின் ஊடே காற்றைச் செலுத்தி வெப்பத்தை வெளியேற்றுகிறது. காற்றோடு உள்ளே வரும் தூசியும் முடியும் துணி இழைகளும் நாளடைவில் விசிறிக்கும் தகடுகளுக்கும் இடையே கம்பளித் துண்டைப் போலப் படிந்து வழியை அடைத்துவிடுகின்றன.

பல செயலிகளுக்கு வெப்பத்தின் உச்ச வரம்பு 100 டிகிரி செல்சியஸை ஒட்டி அமைந்துள்ளது. அதனை நெருங்கும்போது செயலி தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். அப்போதும் சூடு தணியாவிடில், பாகங்கள் கெடாதிருக்கும் பொருட்டுக் கணினி அணைந்துவிடும். ஆகவே, 'பழையதாகிவிட்டது, அதனால் மெதுவாகிவிட்டது' என்று நாம் எண்ணுவது சில வேளைகளில் தூசியின் வேலையாகவே இருக்கும்.

திறக்கும் முன்

முக்கியமான கோப்புகள் அனைத்தையும் வெளி வட்டில் நகலெடுத்துக்கொள்வோம். உத்தரவாதக் காலம் முடியவில்லை எனில், நாமே திறக்காமல் சேவை மையத்தை நாடுவதே நலம். கணினியை முழுமையாக அணைத்து, மின் இணைப்பைத் துண்டித்து, நன்கு ஆறவிட வேண்டும். மேசையில் வைத்தால் சமமாக நில்லாமல் ஆடினாலோ, விசைப்பலகைக்குக் கீழுள்ள தொடுபலகை மேலெழும்பியிருந்தாலோ பேட்டரி உப்பியிருக்கக்கூடும். அதனை அழுத்துவதோ குத்துவதோ மின்னேற்றுவதோ தீ விபத்துக்கு வழிகோலும். அத்தகைய கணினியை நாம் திறக்கலாகாது.

தூய்மை செய்யும் முறை

அடிமூடியின் திருகாணிகள் வெவ்வேறு நீளமுடையவை. எது எவ்விடத்தது என்பதை ஒரு தாளில் குறித்து, அதே வரிசையில் வைத்துக்கொண்டால் பின்னர் குழப்பம் நேராது. மூடியைக் கழற்றியதும் ஓர் உலோகப் பொருளைத் தொட்டு உடலிலுள்ள நிலைமின்னை நீக்கிவிட்டு, முதல் வேலையாகப் பேட்டரி இணைப்பை விடுவிக்க வேண்டும்.

விசிறியின் இறகுகளை விரலால் அசையாமல் பிடித்துக்கொண்டு, மென்மையான தூரிகையால் தூசியை அகற்றலாம். தகடுகளின் வாயில் படிந்துள்ள தூசிப் படலத்தைச் சிறு இடுக்கியால் மெல்ல எடுத்துவிட்டு, எஞ்சியதை அழுத்தக் காற்றுக் குப்பியால் விட்டுவிட்டு ஊதலாம். குப்பியை நிமிர்த்தியே பிடிக்க வேண்டும். சாய்த்தால் உள்ளிருக்கும் திரவம் பீறிடும். விசிறியைப் பிடிக்காமல் ஊதினால் அது மிகு வேகத்தில் சுழன்று கெடக்கூடும். வீட்டைச் சுத்தம் செய்யும் வாக்குவம் கிளீனர் நிலைமின்னை உண்டாக்கும் என்பதால் இங்கு ஆகாது. ஈரத்துணியும் கூடாது.

இதன் பின்னும் சூடு குறையவில்லை எனில், செயலிக்கும் செப்புத் தகட்டுக்கும் இடையே பூசப்பட்டுள்ள தெர்மல் பேஸ்ட் காய்ந்துபோயிருக்கலாம். அதனை மாற்ற, பழைய பசையை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்தெடுத்து, புதிய பசையைச் சிறிதளவே இட வேண்டும். தகட்டை ஒருமுறை கழற்றினால் புதிய பசையின்றி மீண்டும் பொருத்தலாகாது. பழக்கமில்லாதோர் இப்பணியை மட்டும் தேர்ந்த பழுதுநீக்குநரிடம் ஒப்படைப்பதே சிறந்தது.

கடையில் கொடுக்கும் முன்

பிரவுசரில் சேமித்துள்ள வங்கிக் கடவுச்சொற்களை நீக்கிவிடுவோம். வங்கி, மின்னஞ்சல் கணக்குகளிலிருந்து வெளியேறிவிடுவோம். கணினியைச் சோதித்துப் பார்க்க அவர்களுக்குத் தனியான பயனர் கணக்கு ஒன்றை அமைத்துத் தரலாம். தூசியை நீக்க எவருக்கும் நம் இணைய வங்கிக் கடவுச்சொல்லோ ஓடிபி எண்ணோ தேவைப்படாது. கணினி திரும்பி வந்ததும் கடவுச்சொற்களை மாற்றிவிடுவது கூடுதல் பாதுகாப்பு.

ஒன்றை மறவாதிருப்போம்: தூய்மை செய்வதால் மென்பொருள் புதியதாகிவிடாது. விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிவுற்றது. பாதுகாப்புப் புதுப்பிப்புகள் வராத கணினியை எழுத்து வேலைக்கு வைத்துக்கொண்டு, வங்கிப் பணிகளை வேறு கருவியில் செய்வதே விவேகம்.

மெத்தையின் மீதும் தலையணையின் மீதும் வைத்து இயக்கினால் காற்று நுழையும் துளைகள் அடைபடும். கடினமான, சமமான பரப்பில் வைத்து இயக்கி, ஆண்டுக்கொரு முறை, தீபாவளிக்கு வீட்டைத் துப்புரவு செய்யும் நாளிலேனும், கணினியின் தூசியையும் அகற்றுவோம். அதற்காகும் செலவு சில நூறு ரூபாய். தள்ளிப்போவதோ புதிய கணினிக்கான பெருஞ்செலவு.