மங்கலை வைத்துத் தூரம் அளக்கும் சிலந்தி

ஜன்னல் கம்பியிலும் துளசி மாடத்திலும் தத்தித் தத்திப் போகும் குட்டிச் சிலந்தியைப் பார்க்காதவர்கள் இருக்க மாட்டார்கள். இரை பிடிக்க இது வலை பின்னுவதில்லை. ஈ கண்ணில் பட்டால் நின்று பார்க்கும், பதுங்கிப் பதுங்கி நெருங்கும், ஒரே தாவலில் அமுக்கிவிடும். தாவும் சிலந்தி என்றும் ஈப்புலி என்றும் இதைச் சொல்வார்கள். உலகில் இந்தக் குடும்பத்தில் மட்டும் 6,000-க்கும் அதிகமான இனங்கள் உண்டு. மேக்ரோ லென்ஸோடு தோட்டத்தில் இறங்குகிறவர்களுக்கு இதன் முகம் அலுப்பதே இல்லை. பல பூச்சிகள் கேமராவைக் கண்டால் பறந்துவிடும். இதுவோ திரும்பி நின்று லென்ஸையே உற்றுப் பார்க்கும்.

ஒரு பொருளின் பிம்பம் கேமராவின் சென்சார் மீது அதன் நிஜ அளவிலேயே விழுந்தால் அது 1:1 மேக்ரோ. ஃபுல் ஃபிரேம் சென்சாரின் அகலம் 36 மில்லிமீட்டர். அதில் 6 மில்லிமீட்டர் சிலந்தி, படத்தின் அகலத்தில் ஆறில் ஒரு பங்கை அடைத்துக்கொள்ளும். இவ்வளவு நெருங்கும்போது ஃபோகஸ் பெரும்பாடு படுத்தும். 1:1 அளவில், லென்ஸின் துளையை எஃப் 8-இல் வைத்தால், தெளிவாகப் பதியும் ஆழம் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர்தான். கண் துல்லியமாக விழுந்தால் பின்னங்கால் மங்கிவிடும். மூச்சு விட்டாலே ஃபோகஸ் நகர்ந்துவிடும்.

துளையைச் சிறிதாக்கினால் ஆழம் கூடும். ஆனால் ஓர் எல்லைக்கு மேல், துளையின் விளிம்பில் ஒளி வளைந்து பரவுவதால் படம் முழுவதுமே கூர்மை இழக்கும். இதனால்தான் பலர் ஃபோகஸைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்திப் பல படங்கள் எடுத்து, அவற்றில் தெளிவான பகுதிகளை மட்டும் கணினியில் ஒன்றாகச் சேர்க்கிறார்கள். இதற்குப் பெயர் ஃபோகஸ் ஸ்டாக்கிங். பூச்சி அசையாமல் இருந்தால்தான் இது சரிவரும். இரவுக் குளிர் விலகாத விடியற்காலை அதற்கு ஏற்ற நேரம். பூச்சிகளின் உடல் வெப்பம் பெரும்பாலும் சுற்றுப்புறத்தைச் சார்ந்தது என்பதால், வெயில் ஏறும் வரை அவை மந்தமாகவே இருக்கும்.

படம் எடுப்பவர் இப்படித் தவிர்க்கப் போராடும் அதே மங்கலை, எதிரே நிற்கும் சிலந்தி தன் பிழைப்புக்குப் பயன்படுத்துகிறது. ஹசாரியஸ் அடன்சோனி என்ற தாவும் சிலந்தியை வைத்து ஜப்பானிய விஞ்ஞானிகள் 2012-இல் இதைக் காட்டினார்கள். வெப்பமண்டல நாடுகளில் வீடுகளை ஒட்டிச் சாதாரணமாகத் திரியும் சிலந்தி அது.

அதன் எட்டுக் கண்களில் முன்னே உள்ள பெரிய இரண்டும் மிகக் கூர்மையானவை. அவற்றின் விழித்திரையில் ஒளியை உணரும் செல்கள் நான்கு அடுக்குகளாக இருக்கின்றன. ஆழத்தில் உள்ள இரண்டு அடுக்குகளும் பச்சை ஒளியை உணர்பவை. பச்சை ஒளியின் பிம்பம் கடைசி அடுக்கில் தெளிவாக விழும். அதற்கு முந்தைய அடுக்கில் எப்போதும் மங்கலாகவே விழும். இரை நெருங்க நெருங்க அந்த மங்கல் கூடும். இரண்டு அடுக்குகளின் பிம்பங்களையும் ஒப்பிட்டு, எவ்வளவு தூரம் தாவ வேண்டும் என்று சிலந்தி கணக்கிட்டுவிடுகிறது.

இதை உறுதிசெய்ய விஞ்ஞானிகள் விளக்கின் நிறத்தை மாற்றிப் பார்த்தார்கள். பச்சை ஒளியில் சிலந்தி குறி தவறவில்லை. சிவப்பு ஒளியிலோ இரைக்கு முன்பாகவே விழுந்தது. சிவப்பு ஒளி லென்ஸைத் தாண்டி இன்னும் பின்னால்தான் குவியும். அதனால் மங்கல் கூடுகிறது. இரை நிஜத்தைவிடப் பக்கத்தில் இருப்பதாகச் சிலந்தி நினைத்துவிடுகிறது.

இந்தக் கண்ணில் இன்னொரு வியப்பும் உண்டு. முன்கண்கள் இரண்டும் தொலைநோக்கி போன்ற நீண்ட குழாய்கள். லென்ஸ் தலையோட்டோடு ஒட்டியிருப்பதால் அசையாது. உள்ளே விழித்திரையைத் தாங்கும் முனையைத் தசைகள் இப்படியும் அப்படியும் திருப்பும். வெளிர்நிறச் சிலந்திகளை அடுத்தடுத்துப் படம் எடுத்தால் இது தெரியும். நேராகப் பார்க்கும்போது கருகருவென்று இருக்கும் கண், பார்வை விலகியதும் வெளுத்துப்போகும்.

மாமரத்தில் இலைகளைச் சேர்த்துக் கூடு கட்டும் முசுறு எறும்புகளின் நடுவிலும் லென்ஸை நிதானமாகத் திருப்புங்கள். அச்சு அசல் முசுறு போலவே நடமாடும் தாவும் சிலந்தி ஒன்று உண்டு. முன்னங்கால்கள் இரண்டையும் உயர்த்தி, எறும்பின் உணர்கொம்பு போல ஆட்டிக்கொண்டே நடக்கும். முசுறின் கடிக்குப் பயந்து ஒதுங்கும் எதிரிகள் இதனிடமும் வாலாட்டுவதில்லை. சாதாரணப் பார்வைக்கு எறும்பாகத் தெரிவது, படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் எட்டுக் கால்களோடும் முகத்தில் பெரிய கண்களோடும் அகப்பட்டுக்கொள்ளும்.

இதற்கெல்லாம் விலையுயர்ந்த லென்ஸ் கட்டாயம் இல்லை. இருக்கும் லென்ஸுக்கும் கேமராவுக்கும் நடுவே எக்ஸ்டென்ஷன் டியூப் மாட்டலாம். ரிவர்ஸ் ரிங் வாங்கி லென்ஸைத் திருப்பிப் போடலாம். செல்போனில் கிளிப் லென்ஸ் செருகலாம். ஃபிளாஷுக்கு முன் டிரேசிங் பேப்பர் கட்டினால், வண்டின் பளபளப்பான முதுகில் ஒளி வெள்ளைத் திட்டாக விழாது. பூச்சியின் கண்மட்டத்துக்குக் குனிந்து, கண்ணில் ஃபோகஸ் வையுங்கள்.

அசையாமல் இருக்க வேண்டும் என்று பூச்சிகளைக் குளிர்பெட்டியில் வைப்பதும், பசை தடவி ஒட்டுவதும் கொடுமை. அப்படி எடுத்த படத்தில் அந்த உயிரின் இயல்பும் இருக்காது. வலையை அறுக்காமல், முட்டைப் பையைத் தொடாமல், மேலிருந்தும் பக்கவாட்டிலும் முகத்துக்கு நேராகவும் எடுங்கள். நாள், இடம், செடியின் பெயர் மூன்றையும் குறித்துவையுங்கள். பல சிலந்தி இனங்களை நுண்ணோக்கியில் பார்த்தால்தான் உறுதிசெய்ய முடியும். ஆனாலும் எது, எங்கே, எப்போது வாழ்கிறது என்பதற்கு உங்கள் படம் நல்ல சான்று.

உலகின் சிலந்திகள் எல்லாம் சேர்ந்து ஆண்டுக்கு 40 கோடி முதல் 80 கோடி டன் வரை இரை தின்கின்றன என்று 2017-இல் வெளியான ஓர் ஆய்வு மதிப்பிட்டது. அதில் பெரும்பகுதி பூச்சிகள். நம் தோட்டத்தில் இந்த வேலையைச் சம்பளம் இல்லாமல் செய்கிறவற்றைப் பூச்சிமருந்து அடித்துக் கொல்வது நமக்கே நஷ்டம். தோட்டத்தில் ஒரு பகுதியையாவது மருந்து படாமல் விட்டுவையுங்கள். கேமரா இருந்தாலும் இல்லாவிட்டாலும், காலையில் பத்து நிமிஷம் அங்கே குனிந்து பாருங்கள். பிள்ளைகளையும் கூட அழைத்துப் போங்கள்.