மாற்றுத்திறனாளிக்குத் தொழிற்பயிற்சி அளித்தால் வரிச்சலுகை உண்டா? எல்லைப்புறத் தொழில்முனைவோர் அறிய வேண்டியவை

பாறசாலை: மாற்றுத்திறனாளி ஒருவரை அப்ரண்டிஸாகச் சேர்த்துக்கொண்டால் நிறுவனத்தின் வருமான வரி குறையும் என்ற கருத்து பரவலாக உள்ளது. அது சரியன்று. இந்தியாவின் வருமான வரிச் சட்டத்தில் அத்தகைய தனிச்சலுகை எதுவும் இல்லை. ஆயினும், பயிற்சி முடித்தவரை நிரந்தரப் பணியில் அமர்த்தும்போது, பொதுவான வரிக்கழிவு ஒன்றும், மத்திய அரசின் வேறு சில உதவிகளும் கிடைக்க வாய்ப்புண்டு. பாறசாலை, நெய்யாற்றின்கரை வட்டாரங்களின் தையலகம், அடுமனை, பட்டறை உரிமையாளர்கள் இந்த வேறுபாட்டைத் தெரிந்துகொள்வது நலம்.

குழப்பத்தின் ஒரு காரணம் 80யு பிரிவு. பழைய வரிமுறையைத் தேர்ந்தெடுக்கும் மாற்றுத்திறனாளி, தம் சொந்த வருமானத்தில் 75,000 ரூபாயும், பாதிப்பு 80 விழுக்காடோ அதற்கு மேலோ எனில் 1,25,000 ரூபாயும் கழித்துக்கொள்ள இப்பிரிவு வழிசெய்தது. இது பணியாளருக்கு உரியது. முதலாளிக்கு இதில் பங்கில்லை.

முதலாளிக்கு உரியது 80ஜேஜேஏஏ என்ற பிரிவு. புதிதாகச் சேர்க்கப்படும் பணியாளரின் ஊதியச் செலவில் 30 விழுக்காட்டை, வழக்கமான செலவுக் கணக்கிற்கு மேலாக, 3 ஆண்டுகளுக்குக் கழித்துக்கொள்ள இது அனுமதிக்கிறது. 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வரும் 2025-ஆம் ஆண்டின் வருமான வரிச் சட்டத்திலும் இக்கழிவு வேறு பிரிவு எண்ணில் தொடர்கிறது. நிபந்தனைகள் கடுமையானவை. மாத ஊதியம் 25,000 ரூபாயைத் தாண்டக் கூடாது. ரொக்கமாக அன்றி வங்கி வழியே வழங்கப்பட வேண்டும். அந்த நிதியாண்டில் 240 நாள் பணி இருக்க வேண்டும் (ஆடை, காலணி, தோல் உற்பத்தித் தொழில்களுக்கு 150 நாள்). பணியாளர் வருங்கால வைப்பு நிதியில் இணைந்திருக்க வேண்டும். நிறுவனத்தின் மொத்தப் பணியாளர் எண்ணிக்கையும் முந்தைய ஆண்டைவிட உயர்ந்திருக்க வேண்டும். இவற்றுடன், வரித் தணிக்கைக்கு உட்படும் நிறுவனமாகவும் இருக்க வேண்டும் என்பதே சிறு தொழில்களைப் பெரும்பாலும் வெளியே நிறுத்திவிடுகிறது.

ஒரு கணக்கைப் பார்ப்போம். மாதம் 15,000 ரூபாய் ஊதியம் எனில் ஆண்டுச் செலவு 1,80,000 ரூபாய். அதில் 30 விழுக்காடு 54,000 ரூபாய். இத்தொகை முழுவதும் மிச்சமாகும் என எண்ணிவிடக் கூடாது. வரி விதிக்கப்படும் வருமானம்தான் இந்த அளவு குறைகிறது. 30 விழுக்காடு வரியும் அதன் மீது 4 விழுக்காடு மேல்வரியும் செலுத்தும் கூட்டு நிறுவனத்துக்கு உண்மையில் மிச்சமாவது ஆண்டுக்கு 16,848 ரூபாய்.

அப்ரண்டிஸ் ஏன் இக்கணக்கில் வருவதில்லை? 1961-ஆம் ஆண்டின் தொழிற்பயிற்சியாளர் சட்டப்படி அவர் தொழிலாளி அல்லர், பயிற்சி பெறுபவர். எனவே வருங்கால வைப்பு நிதி, இ.எஸ்.ஐ. ஆகியவை அவருக்குப் பொருந்துவதில்லை. வைப்பு நிதி இல்லையெனில் 80ஜேஜேஏஏ கழிவும் இல்லை. அவருக்குத் தரும் உதவித்தொகையை மற்றச் செலவுகளைப் போல வணிகச் செலவாகக் காட்டலாம், அவ்வளவே. 2008 ஏப்ரல் 1 முதல் மத்திய அரசு அறிமுகப்படுத்திய திட்டத்தில், தனியார் துறையில் சேரும் மாற்றுத்திறனாளிக்காக முதலாளி செலுத்த வேண்டிய வைப்பு நிதி, இ.எஸ்.ஐ. பங்கை முதல் 3 ஆண்டுகளுக்கு அரசே ஏற்கும் என வகுக்கப்பட்டது. அதுவும் பணியாளருக்கானது, பயிற்சியாளரை எட்டுவதில்லை.

பயிற்சிக் காலத்தில் கிடைக்கும் நேரடி உதவி, 2016-இல் தொடங்கிய தேசியத் தொழிற்பயிற்சி ஊக்குவிப்புத் திட்டத்தின் வழியே வருகிறது. உதவித்தொகையில் 25 விழுக்காட்டை, மாதம் 1,500 ரூபாய் என்ற உச்சவரம்புக்குள், மத்திய அரசு ஏற்கிறது. 2023 முதல் இத்தொகை பயிற்சியாளரின் வங்கிக் கணக்கிற்கே செல்கிறது. இது எல்லாப் பயிற்சியாளருக்கும் பொதுவானது. 30 பேரோ அதற்கு மேலோ பணிபுரியும் நிறுவனங்கள் அப்ரண்டிஸ்களைச் சேர்ப்பது கட்டாயம். 4 முதல் 29 பேர் வரை உள்ளவற்றுக்கு விருப்பம்.

தென்னாப்பிரிக்கா வேறு வழியில் செல்கிறது. டர்பன் நகரத் தமிழர்களுக்குப் பழக்கமான அந்நாட்டு வருமான வரிச் சட்டத்தின் 12எச் பிரிவு, பதிவு பெற்ற பயிற்சி ஒப்பந்தத்துக்கு முதலாளிக்கு ஆண்டுக்கு 40,000 ராண்ட் கழிவு தருகிறது. பயிற்சியாளர் மாற்றுத்திறனாளி எனில் அது 60,000 ராண்ட். (1 முதல் 6 வரையிலான தகுதிநிலைகளுக்கான தொகை இது.) நம் நாட்டில் 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 35-ஆம் பிரிவில், தனியார் நிறுவனங்களின் பணியாளர்களில் குறைந்தது 5 விழுக்காட்டினர் மாற்றுத்திறனாளிகளாக இருக்க அரசுகள் ஊக்கத்தொகை தர வேண்டும் என்கிறது. "பொருளாதார வசதிக்கு உட்பட்டு" என்ற தொடரும் அதே பிரிவில் உள்ளது. வரிச்சட்டம் இதுவரை அந்த அழைப்புக்குச் செவிசாய்க்கவில்லை என்றே கூற வேண்டும்.

எல்லை மக்களுக்கு இன்னொரு ஐயமும் உண்டு. 1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடு, கல்குளம் உள்ளிட்ட 4 வட்டங்கள் சென்னை மாகாணத்துடன் இணைந்தன; நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. இன்றும் களியக்காவிளையில் குடியிருப்பவர் பாறசாலையில் வேலைக்கு வருவது இயல்பு. தமிழ்நாட்டு அலுவலகம் 'மாற்றுத்திறனாளி' என்று எழுதுபவரைக் கேரள அலுவலகம் 'பின்னசேஷி' என்று குறிக்கிறது. சொல் மாறினாலும் சான்றிதழ் செல்லும்: சட்டப்படி வழங்கப்பட்ட ஊனச் சான்றிதழ் நாடு முழுவதும் ஏற்கத்தக்கது. வரிக்கழிவு, ஊக்குவிப்புத் திட்டம் ஆகியவை மத்திய அரசினுடையவை என்பதால் அவற்றுக்கு மாநில எல்லை தடையன்று. மாநில அரசுகளின் உதவிகளுக்கு மட்டும் அந்தந்த மாநிலத்தின் குடியிருப்பு விதியைப் பார்க்க வேண்டும்.

பயிற்சி முடித்தவரைப் பணியில் அமர்த்த எண்ணுவோர் நாள்காட்டியையும் கவனிக்கலாம். ஆகஸ்ட் 4-க்குப் பின் சேருபவருக்கு மார்ச் 31-க்குள் 240 நாள் நிறைவதில்லை. அதனால் கழிவு பறிபோய்விடாது. அடுத்த ஆண்டில் 240 நாள் நிறைந்தால், அவ்வாண்டில் சேர்ந்தவராகக் கருதிக் கழிவு கோரலாம். அதற்கான பட்டயக் கணக்காளரின் அறிக்கையை, வருமான வரிக் கணக்குத் தாக்கலுக்கான கெடுவுக்கு ஒரு மாதம் முன்பே அளிக்க வேண்டும்.