மின்சாரக் கிற்றாரின் விலை எங்கே ஏறுகின்றது?

ஒரே வடிவம்; ஒரே நிறம்; அதே ஆறு தந்திகள். எனினும், கடையிலே அருகருகே தொங்கும் இரு மின்சாரக் கிற்றார்களுள் ஒன்றின் விலை மற்றதனைப் போல் ஐந்து மடங்காக இருப்பதுண்டு. வாங்கித் தரும்படி கேட்கும் மகனும் பணத்தை எண்ணிக் கொடுக்கும் தந்தையும் இதன் காரணத்தை அறிந்திருத்தல் நன்று.

வீணைக்குக் குடம் எப்படியோ, சாதாரணக் கிற்றாருக்கு அதன் உள்ளீடற்ற மரப்பெட்டி அப்படி. மின்சாரக் கிற்றாருக்கு அது வேண்டியதில்லை. உருக்குத் தந்தி அதிரும்போது, அதன் கீழுள்ள காந்தத்தைச் சுற்றிய செப்புக் கம்பிச் சுருளிலே மின்னோட்டம் பிறக்கின்றது. ஒலிபெருக்கி அதனை ஓசையாக்குகின்றது. கலிபோர்ணியாவிலே வானொலிப் பெட்டிகளைத் திருத்தி வந்த லியோ பென்டர் என்பார் இவ்வுண்மையைத் தொழிற்சாலைக்கு ஏற்றவாறு பயன்படுத்தினார். தட்டையான மரப்பலகையே உடல். கழுத்தோ தனியே செய்யப்பட்டு நான்கு திருகாணிகளாற் பொருத்தப்பட்டது. 1951இல் ‘டெலிகாஸ்டர்’ எனப் பெயர் பெற்ற கிற்றார் இதுவே. 1952இல் கிப்சன் கம்பனி வெளியிட்ட ‘லெஸ் போல்’ கிற்றாரிலோ மேற்பரப்பு வளைவாகச் செதுக்கப்பட்டது. கழுத்துப் பசையால் ஒட்டப்பட்டது. வேலை கூடினால் விலையும் கூடுமன்றோ?

இன்று மரத்தை அறுப்பதும் குடைவதும் கணினி இயக்கும் பொறிகளே. அமெரிக்காவிலாயினும் இந்தோனேசியாவிலாயினும் பொறியின் கூர்மை ஒன்றே. ஆயின், மெட்டுகளின் முனைகளை அராவுதல், மரத்தைத் தேய்த்து மெருகிடுதல், தந்திகளின் உயரத்தைச் சரிபார்த்தல் ஆகியன இன்னும் பெரும்பாலும் மனிதர் கைகளையே நம்பியுள்ளன. கூலி நாட்டுக்கு நாடு வேறுபடுகின்றது. பென்டர் கம்பனியே அமெரிக்காவிலும் மெக்சிக்கோவிலும் தொழிற்சாலைகள் நடத்துகின்றது. அதன் மலிவான ‘ஸ்குவையர்’ கிற்றார்கள் இந்தோனேசியா, சீனா முதலிய நாடுகளிலே செய்யப்படுகின்றன.

பொருள்களும் விலையைக் கூட்டுகின்றன. பழைய முறை அரக்குப் பூச்சு பல தடவை பூசப்பட்டு, நாட்கணக்கில் உலர வேண்டும். பொலியெஸ்டர்ப் பூச்சு விரைவிலே இறுகிவிடும். விரற்பலகைக்குப் புகழ்பெற்ற பிரேசில் ரோஸ்வூட் மரத்தின் சர்வதேச வணிகம் 1992இலே தடைசெய்யப்பட்டமையால், அது கிடைத்தற்கரிய பொருளாயிற்று.

இவற்றுக்கெல்லாம் மேலாகப் பெயருக்கும் ஒரு விலை உண்டு. 1965இல் லியோ பென்டர் தம் கம்பனியைச் சீ.பீ.எஸ். நிறுவனத்துக்கு விற்றார். அதன்பின் தரம் தாழ்ந்தது எனப் பலர் கருதியமையால், அதற்கு முந்திய கிற்றார்களுக்கு மதிப்பு ஏறியது. டேவிட் கில்மோர் வாசித்த கறுப்பு ‘ஸ்ட்ரட்டோகாஸ்டர்’ 2019ஆம் ஆண்டு ஏலத்திலே 39 இலட்சத்து 75 ஆயிரம் டொலருக்கு விலைபோயிற்று. அதுவும் தொழிற்சாலையிலே பிறந்ததே. அவ்விலை மரத்துக்கன்று, அதனைத் தொட்ட விரல்களுக்கு.

எனவே, முதன்முதல் வாங்குவோர் பெயர்ப் பலகையைப் பாராது கருவியைப் பார்க்கவேண்டும். கழுத்து நேராக உள்ளதா? மெட்டு முனைகள் விரலைக் கீறுகின்றனவா? பிரடைகள் சுருதியை நழுவவிடாது தாங்குகின்றனவா? தந்தி உயரமும் மெட்டு முனையும் கைதேர்ந்த ஒருவர் சிறு செலவிலே திருத்தக்கூடியவை. கோணிய கழுத்தைத் திருத்துதல் அத்துணை எளிதன்று. நேரான கழுத்துடைய மலிவான கிற்றார் ஒன்று, கற்கத் தொடங்கும் மாணவனுக்குப் பல்லாண்டு போதும்.